தொடக்கத் துப்பாக்கி இடையிடையே வெடிக்க மறுக்கிறது: கோளாறு துப்பாக்கியிலா, தோட்டாவிலா?

கேள்வி: படுவான்கரை உடற்கல்வி

வணக்கம். பட்டிருப்புக் கல்வி வலயத்தில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள ஒரு பாடசாலையில் உடற்கல்வி கற்பிக்கிறேன். எமது இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இன்னும் ஒன்பது நாட்களே உள்ள நிலையில், ஓட்டங்களைத் தொடக்கிவைக்கும் சிறிய கைத்துப்பாக்கி எங்களைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

துப்பாக்கி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவினது. சுழலும் உருளையில் ஆறு அறைகள் உண்டு. 6 மில்லிமீற்றர் வெற்றுத் தோட்டாக்களையே (குண்டில்லாமல் சத்தமும் புகையும் மட்டும் தருபவை) அது ஏற்கும். குழல் தொழிற்சாலையிலேயே அடைக்கப்பட்டுள்ளதால், புகையும் தீயும் மேற்பக்கத் துளையால் வெளியேறும். சில ஆண்டுகளுக்கு முன்னர் பழைய மாணவர்கள் அன்பளிப்பாகத் தந்தது. ஆண்டில் நான்கைந்து நாட்கள் மட்டுமே வெளியே எடுக்கப்படுகிறது, மற்றைய நாட்களில் விளையாட்டறை அலுமாரியில் கிடக்கிறது.

கடந்த வாரம் தகுதிகாண் ஓட்டங்களை நடத்தியபோது ஆறு தோட்டாக்களில் இரண்டு வெடிக்கவில்லை. விசையை இழுத்தால் "டிக்" என்ற ஒலி மட்டுமே வந்தது. உருளை ஒரு சுற்றுச் சுற்றி அதே தோட்டாவுக்கு மீண்டும் வந்தபோது, முதலில் மறுத்த தோட்டா இரண்டாம் அடியில் வெடித்ததும் உண்டு. அதைவிட, நான்காவது வெடிக்குப் பின்னர் விசையை இழுப்பது மிகவும் கடினமாகிவிடுகிறது, உருளை எங்கோ உரசுவது போல் தோன்றுகிறது. 16 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான 100 மீற்றரில் "டிக்" ஒலியைக் கேட்டே மூவர் ஓடத் தொடங்கிவிட்டனர். மற்றையவர்கள் குந்தியபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலியருகே நின்ற பெற்றோர் ஒருவர் அந்த ஓட்டம் செல்லாது என்று உரத்துச் சொன்னார். அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை.

சக ஆசிரியர் ஒருவர் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அதைக் கழற்றி இழுத்து நீட்டினால் போதும் என்கிறார். இன்னொருவர் தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார். நான் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துப் பார்த்தேன், மாற்றம் எதுவும் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கல்முனைத் தொடக்குநர்

தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். கோட்டமட்டம் தொடக்கம் மாகாணமட்டம் வரை பல ஆண்டுகள் தொடக்குநராக நின்றிருக்கிறேன். துப்பாக்கியின் உள்ளுறுப்புகளைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர்கள் இங்கே வருவார்கள். ஆகவே முதலில் மைதானத்தில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் கையைக் கீழே இறக்காதீர்கள். தோட்டாவில் அடிபட்டதும் தீப்பற்ற வேண்டிய பற்றுமருந்து சில வேளைகளில் தாமதித்துத் தீப்பிடிக்கும். எல்லோரும் செய்யும் பிழை, துப்பாக்கியை உடனே முகத்துக்கு நேரே கொண்டுவந்து "என்ன நடந்தது" என்று எட்டிப் பார்ப்பதுதான். கையை உயர்த்தியபடியே மற்றக் கையால் விசிலை ஊதி ஓட்டக்காரரை நிறுத்துங்கள். குறைந்தது முப்பது விநாடி பொறுத்திருந்து, அதன் பிறகே உருளையைத் திறவுங்கள். குழல் அடைக்கப்பட்டிருப்பதால் இது ஆபத்தற்றது என்று எண்ண வேண்டாம். மேல் துளையால் வரும் சுடுவாயு கண்ணைக் கெடுக்கப் போதுமானது. காதருகே அந்தச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டக்கூடும், எனவே தொடக்குநர் காதடைப்பு அணிவது வெட்கத்துக்குரிய செயல் அல்ல. எனது இடது காதில் இன்றும் ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருக்கிறது. எங்கள் காலத்தில் இதை எவரும் சொல்லித் தரவில்லை.

"டிக்" ஒலிக்கு ஓடிய மூன்று பிள்ளைகளையும் பிழைத் தொடக்கம் என்று தண்டித்திருக்க மாட்டீர்கள் என நம்புகிறேன். சர்வதேச விதிகளில் 2010ஆம் ஆண்டு தொடக்கம் தனிநிகழ்ச்சி ஓட்டங்களில் முதலாவது பிழைத் தொடக்கத்துக்கே நீக்கம் என்ற கடுமை வந்துவிட்டது உண்மை. ஆனால் தடங்கல் ஓட்டக்காரரால் ஏற்பட்டதல்ல என்றால், அனைவருக்கும் பச்சை அட்டையைக் காட்டி மீண்டும் தொடக்குவதே முறை. அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாயால் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும்.

இனி, காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு விபரங்கள் தேவை. வெடிக்காமல் போவது எப்போதும் ஒரே அறையா, அல்லது மாறிமாறியா? தோட்டாக்கள் ஒரே பெட்டியைச் சேர்ந்தவையா? வெடித்த தோட்டாவின் விளிம்பில் துப்பாக்கியின் ஊசி அடித்த ஊசித்தடத்தையும் வெடிக்காததன் தடத்தையும் ஒப்பிட்டால் ஆழம் வேறுபடுகிறதா? பயிற்சி நாட்களில் தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை இழுத்து "டிக், டிக்" என்று பிள்ளைகளைத் தொடக்கிவைக்கும் வழக்கம் உங்களிடம் உண்டா? கடைசிக் கேள்விதான் முக்கியமானது என்று எனது உள்ளம் சொல்கிறது.

துப்பாக்கியை மைதானத்தில் சோதிப்பதற்கு முன்னர் அதிபர் ஊடாகப் பொலிசாருக்கும் அயலவருக்கும் சொல்லிவிடுங்கள். யுத்த காலத்தில் எமது பாடசாலையில் வெடியே வைப்பதில்லை. இரண்டு பலகைகளைக் கீல் பூட்டி இணைத்து, தலைக்கு மேலே உயர்த்தி அடித்துத்தான் ஓட்டங்களைத் தொடக்கினோம். வெடிச்சத்தம் கேட்டால் அப்போது ஓட்டக்காரர் மட்டும் ஓடமாட்டார்கள், ஊரே ஓடும்.

கேள்வியாளர்: படுவான்கரை உடற்கல்வி

ஐயா, மிக்க நன்றி. அந்த மூன்று பிள்ளைகளையும் தண்டிக்கவில்லை. ஓட்டத்தை மறுபடி நடத்தினேன்.

நீங்கள் கேட்டபடி, அதிபரின் அனுமதியுடன் இன்று காலை பன்னிரண்டு தோட்டாக்களைச் சோதித்தேன். மகளின் நகப்பூச்சால் ஆறு அறைகளுக்கும் புள்ளி வைத்து இலக்கமிட்டேன். இரண்டாவது அறையும் ஐந்தாவது அறையும்தான் மறுக்கின்றன. இரு சுற்றிலும் அவ்விரண்டுமே முதல் அடியில் வெடிக்கவில்லை. மற்றைய நான்கும் தவறவில்லை. தோட்டாக்கள் இரு வேறு பெட்டிகளைச் சேர்ந்தவை, ஒன்று கடந்த ஆண்டு மிஞ்சியது. ஆனால் எந்தப் பெட்டித் தோட்டாவாயினும் அந்த இரு அறைகளில் இட்டால் மறுக்கிறது. ஊசித்தடம் வெடிக்காதவற்றில் மிக மெல்லியதாக, நகத்தால் அழுத்தியது போல இருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். நல்ல அறைகளில் தோட்டா விரலை எடுத்ததும் தானாக இறங்கி விளிம்பு படிய உட்கார்ந்துவிடுகிறது. இரண்டிலும் ஐந்திலும் ஒரு தாளின் தடிப்பளவு வெளியே நிற்கிறது. அழுத்தினாலும் முழுமையாக உள்ளே போவதில்லை.

வெறுமனே இழுக்கும் வழக்கம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. தோட்டாவைச் சேமிக்க வேண்டும் என்பதற்காக நானே பல நாட்கள் அப்படித்தான் பயிற்சி கொடுத்தேன். பந்தோபஸ்தாகப் பூட்டிவைக்காத நாட்களில் மாணவர்களும் எடுத்து இழுத்திருக்கிறார்கள்.

பதில்: வாவிக்கரைப் பட்டறை

நான் மட்டக்களப்பில் கடைசல் வேலை கற்பித்தவன். துப்பாக்கி திருத்துபவன் அல்லன், ஆனால் இரும்பும் நாகமும் (துத்தநாகம்) எவ்வாறு தேயும் என்பதை அறிவேன். நீங்கள் தந்த விபரங்களோடு பார்த்தால் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கவே இடமில்லை. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஆறு அறைகளிலும் மாறிமாறித் தவறியிருக்கும். அது இரண்டாம் இலக்கத்தையும் ஐந்தாம் இலக்கத்தையும் தேடிப்பிடித்துத் தளர்வதில்லை.

உங்கள் தோட்டாவில் பற்றுமருந்து நடுவில் இல்லை, அடிப்பாகத்து விளிம்பின் உட்புறமாகவே பரவியிருக்கிறது. ஊசி அந்த விளிம்பை உருளையின் முகத்தோடு சேர்த்து நசுக்கும்போதுதான் தீப்பொறி பிறக்கிறது. நசுக்குவதற்குப் பின்னால் உறுதியான தாங்கல் வேண்டும். தோட்டா ஒரு தாள் தடிப்பு வெளியே நின்றால், ஊசியின் முதலாவது அடி விளிம்பை நசுக்குவதற்குப் பதிலாக முழுத் தோட்டாவையும் உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது. மென்மையான தடம் அதனால்தான். ஒரு சுற்று முடிந்து அதே தோட்டா திரும்ப வரும்போது, அது ஏற்கனவே உள்ளே அமர்ந்துவிட்டதால் இரண்டாவது அடி வேலை செய்கிறது. தோட்டா பழுது என்றால் பெரும்பாலும் இரண்டாம் அடியிலும் மௌனமாகவே இருந்திருக்கும்.

விசை கடினமாவதற்கும் இதே காரணம் பொருந்துகிறது. வெளியே நீட்டி நிற்கும் தோட்டாவின் அடி, உருளைக்குப் பின்னாலுள்ள சட்டத்தில் உரசும். நான்கு வெடிகளின் கரி சேர்ந்த பின்னர் இடைவெளி மேலும் குறைந்து உருளை இறுகிவிடும். ஆகவே உங்களுக்கு இருப்பது ஒரே கோளாறு, அது இரண்டு முகங்களைக் காட்டுகிறது.

தோட்டா ஏன் உட்காரவில்லை என்பதற்கு இரண்டு விடைகள் உள்ளன, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். முதலாவது, அறைக்குள் படிந்த கரியும் துருவும். இரண்டாவது, கல்முனை ஐயா ஊகித்த வெறும் இழுப்பு. அறையில் தோட்டா இல்லாதபோது ஊசி விழுவதற்கு வேறு இடமில்லை. அது நேராக அறைவாயின் ஓரத்தில் மோதுகிறது. இத்தகைய துப்பாக்கிகளின் உருளையும் சட்டமும் பெரும்பாலும் நாகக் கலப்பு உலோக வார்ப்பு, எஃகு ஊசிக்கு முன்னால் அது வெண்ணெய் போன்றது. நூறு முறை மோதினால் ஓரத்தில் ஒரு பள்ளமும், பள்ளத்திலிருந்து அறைக்குள் பிதுங்கிய ஒரு சிறு பிசிறும் உண்டாகும். அந்தப் பிசிறுதான் தோட்டாவைத் தடுக்கிறது.  உங்கள் இரண்டும் ஐந்தும் அப்படி அதிகம் அடிபட்டவையாக இருக்கலாம்.

செய்ய வேண்டிய வேலையைச் சொல்கிறேன். எல்லாத் தோட்டாக்களையும் முதலில் வெளியே எடுத்து வேறு அறையில் வையுங்கள், மேசையில் துப்பாக்கியும் தோட்டாவும் ஒருபோதும் ஒன்றாக இருக்கக் கூடாது. பின்னர் உருளையின் அச்சாணியை இழுத்து உருளையைத் தனியே கழற்றுங்கள். வெடித்த கோது ஏதேனும் அறையில் இறுகியிருந்தால் முன்பக்கமாக ஒரு குச்சியை விட்டுத் தள்ளலாம். வெடிக்காத தோட்டா இறுகியிருந்தால் மட்டும் இரும்புக் கம்பியால் குத்த வேண்டாம். மூங்கில் குச்சியால், முகத்தை விலக்கி, மெதுவாக அழுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். அங்கிருந்து மேற்கொண்டு செய்வது ஆசிரியரின் வேலை அன்று.

அறைகளைச் சுத்தம் செய்த பிறகும் தோட்டா வெளியே நின்றால், உருப்பெருக்குக் கண்ணாடியால் அறைவாயைப் பாருங்கள். ஊசி மோதிய இடத்தில் பிசிறு தெரியும். அரத்தைக் கையில் எடுக்காதீர்கள். அரம் தேவையானதையும் சேர்த்து அறுத்துவிடும். முனை ஒடுங்கிய, மழமழப்பான உருண்டை எஃகுத் தண்டு ஒன்றை அறைவாயில் இட்டு, பிதுங்கிய உலோகத்தை அழுத்தித் திருப்பி அது வந்த இடத்துக்கே தள்ள வேண்டும். கடைசல் பட்டறைகளில் இது கால்மணி நேர வேலை. உருளையை மட்டும் கொண்டுபோனால் போதும், முழுத் துப்பாக்கியைக் காவிக்கொண்டு பட்டறைக்குப் போக வேண்டியதில்லை.

ஸ்பிரிங்கை இழுத்து நீட்டச் சொன்ன நண்பருக்கு எனது வேண்டுகோள் ஒன்று. நீட்டிய ஸ்பிரிங் இரண்டு நாட்கள் பலமாக அடிக்கும், பின்னர் முன்னிருந்ததைவிடத் தளர்ந்துவிடும். அந்த இரண்டு நாட்களுக்குள் அதிக வேகத்தில் மோதி அறைவாயை மேலும் சிதைத்துவிடும்.

பதில்: அட்டாளைச்சேனை இரசாயனம்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பட்டறை ஐயா சொன்னவற்றோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் "கரி" என்று அவர் ஒரே சொல்லில் கடந்துபோன பொருளைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மண்ணெண்ணெய் ஏன் தோற்றது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

நேரக் கணிப்பாளருக்குப் புகை தெரிய வேண்டும் என்பதற்காக, இவ்வகைத் தோட்டாக்கள் சிலவற்றில் கரும்பொடியே நிரப்பப்படுகிறது. கரும்பொடி என்பது ஏறத்தாழ 75 சதவீதம் வெடியுப்பு, 15 சதவீதம் மரக்கரி, 10 சதவீதம் கந்தகம். அது எரிந்து முடிந்ததும் அதன் நிறையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு வாயுவாகாமல் திண்மமாகவே எஞ்சுகிறது. எஞ்சுவதில் பொற்றாசியம் காபனேற்று, பொற்றாசியம் சல்பேற்று, சல்பைட்டு ஆகியவை அடங்கும். தோட்டாவுக்குப் பதிலாகப் பொட்டுமருந்து வில்லைகளைப் பாவிக்கும் துப்பாக்கிகளில் நிலைமை இன்னும் மோசம். செம்பொசுபரசும் பொற்றாசியம் குளோறேற்றும் எரிந்து, ஒருபுறம் கறியுப்பின் உறவினனான பொற்றாசியம் குளோரைட்டையும், மறுபுறம் ஈரத்தோடு சேர்ந்தால் பொசுபாரிக் அமிலமாகும் ஒட்சைட்டையும் விட்டுச்செல்கின்றன. இவற்றுட் பல காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. எல்லாமே உப்புகளும் அமிலமும் என்பதால், அவற்றைக் கரைப்பது தண்ணீரே அன்றி மண்ணெண்ணெய் அன்று. மண்ணெண்ணெய்த் துணி மேலிருந்த மையைத் துடைத்து, உப்பை அப்படியே விட்டிருக்கும். அதன்மேல் எண்ணெய் விட்டிருந்தால் உப்பை உள்ளே வைத்து மூடியதாகவே முடிந்திருக்கும்.

இப்போது எமது பிரதேசத்தின் காலநிலையை இதனோடு வைத்துப் பாருங்கள். விளையாட்டுப் போட்டிகள் வழமையாக முதலாந் தவணையில் முடிகின்றன. துப்பாக்கி சுத்தம் செய்யப்படாமல் அலுமாரிக்குள் போகிறது. கச்சான் காற்று, அதன் பின் வாடை, கார்த்திகை மார்கழியில் அடைமழை, விடுமுறையில் பூட்டிய அறை, சுவரில் கசிவு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, காற்றிலேயே உப்பு. இவ்வளவையும் கடந்து மாரி முடிந்த கையோடு அதை வெளியே எடுத்து "வெடி" என்கிறோம். நெல் மூட்டையைக்கூட நாம் அப்படி வைப்பதில்லை.

சுத்தம் செய்யும் முறை இலகுவானது. கழற்றிய உருளையை இளஞ்சூடான சவர்க்கார நீரில் சில நிமிடங்கள் மட்டும் வைத்து, பழைய பற்தூரிகையாலும் பஞ்சு சுற்றிய ஈர்க்கிலாலும் ஒவ்வோர் அறையையும் தேயுங்கள். சுடுநீரால் அலசி, துணியால் துடைத்து, நிழலில் காற்றோட்டமாக முற்றாக உலர விடுங்கள். தேசிக்காயும் புளியும் பித்தளைக் குத்துவிளக்கைப் பளபளக்கச் செய்யும், ஆனால் நாகக் கலப்பு உலோகத்தை அரித்துவிடும். சலவைச் சோடாவும் அவ்வாறே. நாகம் அமிலத்துக்கும் பகை, காரத்துக்கும் பகை. உலர்ந்த பின்னர் தையல் இயந்திர எண்ணெயில் ஒரு துளியைத் துணியில் தொட்டு அச்சாணிக்கும் வெளிப்புறத்துக்கும் பூசினால் போதும். அறைகளுக்குள் எண்ணெய் இருக்கக் கூடாது. அது தோட்டாவின் மடிப்பு வழியே உள்ளே ஊர்ந்து மருந்தைச் செயலிழக்கச் செய்யும், பிறகு நாம் மீண்டும் ஸ்பிரிங்கைக் குறைசொல்வோம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் காறிப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

ஒன்றை மறந்துவிட்டேன். விளிம்புத் தோட்டாக்களின் பற்றுமருந்தில் ஈயச் சேர்மங்கள் பரவலாகப் பயன்படுகின்றன. கழுவிய நீரைச் சிற்றுண்டிச்சாலைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், பாவித்த தூரிகையைத் தனியே வையுங்கள், வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். இதை மாணவர்களைக் கொண்டு செய்விக்கவே வேண்டாம்.

பதில்: ஏறாவூர் ஓட்டக்காரன்

ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு இந்தச் சாமானைக் காப்பாற்றத்தான் வேண்டுமா? 2010ஆம் ஆண்டு வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே ஒமேகா நிறுவனம் மின்னணுத் தொடக்கத் துப்பாக்கியைக் கொண்டுவந்துவிட்டது. வெடிமருந்து இல்லை, துரு இல்லை. ஒவ்வோர் ஓட்டக்காரருக்கும் பின்னால் உள்ள ஒலிபெருக்கியில் சத்தம் ஒரே நேரத்தில் கேட்பதால் உள்தடத்தில் நிற்பவருக்கும் வெளித்தடத்தில் நிற்பவருக்கும் வேறுபாடு இல்லை. நான் எட்டாம் தடத்தில் ஓடியவன், அந்த வேறுபாடு எனக்குத் தெரியும்.

பதில்: கல்முனைத் தொடக்குநர்

தம்பி, எட்டாம் தடத்தின் கவலை நியாயமானதே. ஆனால் அந்தக் கருவி வருவதற்குள் ஒன்பது நாட்கள் கடந்துவிடும். படுவான்கரைப் பாடசாலை ஒன்றின் நிதி நிலைமையையும் நாம் அறிவோம். பாடசாலையில் ஏற்கனவே உள்ள ஒலிபெருக்கியில் ஒரு பீப் ஒலியை விட்டால் ஓட்டக்காரருக்குப் போதும், நேரக் கணிப்பாளருக்குப் போதாது.

இதில்தான் பலரும் தவறுகிறார்கள். எமது வெப்பநிலையில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர் செல்லும். 100 மீற்றர் தொலைவில், முடிவுக் கோட்டில் நிற்பவரின் காதுக்குச் சத்தம் எட்ட கிட்டத்தட்ட 0.3 விநாடி பிடிக்கும். சத்தத்தைக் கேட்டு நிறுத்தற்கடிகாரத்தை அழுத்தினால் அந்தப் பிள்ளை 0.3 விநாடி வேகமாக ஓடியதாகப் பதிவாகும். வலயமட்டத்துக்குப் போய் உண்மையான நேரத்தைக் கண்டு பிள்ளை அழுவது இதனால்தான். கணிப்பாளர் புகையைப் பார்த்தே அழுத்த வேண்டும். அதற்காகத்தான் தொடக்குநருக்குப் பின்னால் கறுப்புப் பலகை ஒன்றை நிறுத்தச் சொல்வார்கள், வெள்ளைப் புகை அதில் துலக்கமாகத் தெரியும். மங்கிய பின்னேரத்தில் மட்டக்களப்பு வெபர் மைதானத்தில்கூட அந்தப் பலகை இல்லாமல் நான் தடுமாறியிருக்கிறேன்.

மாற்று ஏற்பாடாகப் பலகைத் தட்டியையே பரிந்துரைப்பேன். இரண்டு அடி நீளப் பலகைகள், ஒரு கீல், உட்புறம் மஞ்சள் நிறப் பூச்சு. தலைக்கு மேலே மூடும்போது மஞ்சள் மறைவதைக் கணிப்பாளர் பார்க்கலாம். ஆரம்பப் பிரிவுச் சிறுவர்களின் ஓட்டங்கள் அனைத்தையும் இதனாலேயே நடத்துங்கள். தோட்டாவும் மிஞ்சும், சின்னஞ்சிறுசுகள் பயந்து அழவும் மாட்டார்கள். துப்பாக்கி மறுத்தால் ஓட்டக்காரரைத் திருப்பி அழைப்பதற்கும் ஒருவர் அந்தத் தட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உங்களுக்கு எதிரே நிற்கட்டும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ள நாடு இது. இது விளையாட்டுச் சாமான்தானே என்று நாமாகவே தீர்ப்பளித்துவிடாமல், அன்பளிப்பாக வந்த பொருள் பாடசாலையின் பொருட்பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் அதிபர் ஊடாகப் பொலிஸ் நிலையத்தில் விசாரித்து முறைப்படுத்துங்கள். எடுத்துச் செல்லும்போது பெட்டியில் பூட்டி, அதிபரின் கடிதத்தோடு கொண்டுசெல்லுங்கள். வாவியைக் கடக்கும் குருமண்வெளிப் பாதையில் (படகில்) ஏறும்போது காற்சட்டைப் பையில் இது பிதுங்கிக்கொண்டிருந்தால், பக்கத்தில் நிற்பவருக்கு அது தொடக்கத் துப்பாக்கி என்று எப்படித் தெரியும்? அடைத்த குழலைத் துளைத்துப் பார்க்க எவராவது ஆலோசனை சொன்னால், அவரை விளையாட்டறைப் பக்கமே விடாதீர்கள்.

கேள்வியாளர்: படுவான்கரை உடற்கல்வி

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

சவர்க்கார நீரில் கழுவியபோது வந்த நீரின் நிறத்தைக் கண்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. இரண்டாவது அறையில் கரியை அகற்றியதும் தோட்டா மற்றைய அறைகளைப் போலவே உட்கார்ந்துவிட்டது. ஐந்தாவதில் பட்டறை ஐயா சொன்ன பிசிறு கண்ணாடி இல்லாமலே தெரிந்தது, விரல் நுனியில் கீறியது. களுவாஞ்சிகுடியில் ஒரு கடைசல் பட்டறையில் உருளையை மட்டும் கொடுத்து அழுத்துவித்தேன். இப்போது தோட்டா உட்காருகிறது, ஆனாலும் அறைவாயின் ஓரத்தில் பள்ளம் நிரந்தரமாகிவிட்டது. அந்தப் பள்ளத்துக்கு நேரே விளிம்புக்குத் தாங்கல் இல்லாததால் எட்டு முறையில் ஒரு முறை இன்னும் மறுக்கிறது. மற்ற ஐந்து அறைகளும் முப்பது வெடிகளில் ஒன்றுகூடத் தவறவில்லை, விசையும் கடைசி வரை இலகுவாகவே இருந்தது.

வெடிக்காமல் எஞ்சிய தோட்டாக்கள் மூன்றையும் சிறு போத்தலில் இட்டு அதிபரிடம் ஒப்படைத்துவிட்டேன், பொலிசாரிடம் கையளிப்பதாகச் சொன்னார். மிகுதித் தோட்டாக்களும் துப்பாக்கியும் தனித்தனியே மூடி இறுகும் டப்பாக்களில், சிலிக்கா ஜெல் பைகளோடு, அதிபரின் அறை இரும்பு அலுமாரிக்குள் போய்விட்டன. பயிற்சிக்கு விசில் மட்டுமே.

இன்னும் ஒரு கேள்வி மீதமுண்டு. ஐந்தாவது அறையை என்ன செய்வது? புதிய உருளை இங்கே கிடைக்கும் என்று தோன்றவில்லை.

பதில்: வாவிக்கரைப் பட்டறை

அதை வெறுமையாகவே விட்டுவிடுங்கள். ஊசி ஏற்கனவே பள்ளம் விழுந்த இடத்தில் ஓரிரு முறை மோதுவதால் பெரிய கேடு வராது. ஆனால் அந்த அறையில் பாவித்த வெற்றுக்கோது ஒன்றைத் திருப்பி இட்டு, ஊசித்தடம் இல்லாத பக்கத்தை ஊசிக்கு நேரே வைத்தால் அதுவும் இல்லை.

பதில்: கல்முனைத் தொடக்குநர்

ஆம், அதுவே போதும். ஏற்றும்போது ஆறாவது அறை முதலில் வெடிக்கும்படி உருளையைத் திருப்பி வையுங்கள். அப்போது ஐந்தாவது கடைசியாகவே வரும். ஒரு தொடக்க வெடிக்குப் பின், தொடக்கம் பிழைத்தால் ஓட்டக்காரரைத் திருப்பி அழைக்கும் வெடி ஒன்றும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்பதால், நான்கு ஓட்டங்களைத் தொடக்கியதும் ஐந்தாவது தோட்டாவைச் செலவழிக்காமல் மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள். போட்டியன்று கறுப்புப் பலகையை மறந்துவிடாதீர்கள், தம்பி.